சாரல் விழுந்துட்டா?

ஆனி பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது. வருகிற வண்டியெல்லாம் அருவியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்க, நானும் அக்காவும் தென்காசியில் மதுரை பஸ் ஏறினோம். கேட்டவர்களிடமெல்லாம் "மூத்தவளுக்குக் காலேஜ் பாக்கப் போறோம்" என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஃபீஸ் எவ்வளவு, சாப்பாடு எப்படி, எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க விடுவார்கள், முடித்து வெளியே வந்தவர்கள் உருப்பட்டிருக்கிறார்களா என்று நாங்கள் கேட்கப்போன கேள்விகள் காலேஜுக்கும் பொருந்தும். சேரப்போகிற ஆள்தான் வேறு. அத்தான்.

அத்தான் கொத்தனார். அவர் பூசிய சுவரில் கையை வைத்துத் தடவிப் பார்க்க ஆசை வரும். குடி பழகிப் பதினைந்து வருஷம் இருக்கும். கடைசி நான்கு வருஷமாக விடிந்ததும் வேண்டும் என்றாகிவிட்டது. காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் தூக்குக்குண்டு அவர் கையில் ஆடாமல் நிற்கும். வேலை குறைந்துபோய், வீடு இப்போது அக்காவின் பீடித் தட்டில் ஓடுகிறது. அதுவரை செய்யாத வைத்தியம் இல்லை. கயிறு கட்டியாயிற்று. பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியாயிற்று. கார்த்திகையில் மாலை போட்டுவிட்டால் மண்டலம் முடியும்வரை தொடமாட்டார். மாலையைக் கழற்றிய அன்று இரவே பழைய கதை. ஆனாலும் ஒவ்வொரு கார்த்திகையிலும் அக்கா ஒரு புது ரவிக்கை தைப்பாள்.

பயணத்துக்கென்று அவள் எடுத்துக்கொண்டது ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் மூத்தவள் தன் குண்டுக் கையெழுத்தில் கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தாள். மொத்தம் ஒன்பது.

கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி என்று வண்டி மலையை ஒட்டியே போனது. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டைகளின் வாசனை பஸ்ஸுக்குள் ஏறி இறங்கியது. இராஜபாளையம் பஸ் நிலையச் சுவரில் ஒரு நோட்டீஸ்: குடியை மறக்க மருந்து, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம். அக்கா அந்த எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. அன்றைய நிலையில் எனக்கும் அவளுக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நல்ல கட்டடம் ஒன்றைக் கண்டுபிடித்து அத்தானை உள்ளே விட்டுவிட்டால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மதுரைக்கு வெளியே, நாற்கரச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு மண் சாலையில் இருந்தது முதல் மையம். பெயர் வேண்டாம். இரண்டு மாடி வீடு. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி, வாசலில் இரட்டைக் கேட், மொட்டை மாடியில் வரிசையாகக் கைலிகள் காய்ந்துகொண்டிருந்தன. நடத்துபவருக்கு நாற்பது வயதிருக்கும். பளிச்சென்று பேசினார். "நானும் குடிச்சு அழிஞ்சவன்தாங்க. பதினோரு வருசமாத் தொடலை" என்றார். அதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். குடியை விட்டவன் சொன்னால் குடிப்பவனுக்கு உறைக்கும். அது படித்து வருகிற தகுதி அல்ல. பிறகு எங்களுக்கு மிகவும் வேண்டியிருந்த ஒன்றைச் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நைட்டு பதினோரு மணிக்கு எங்க பசங்க வண்டில வருவாங்க. கதவை மட்டும் திறந்து வைங்க. சத்தமில்லாம தூக்கிருவோம்."

ஒப்புக்கொள்ள வேண்டும், அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. அக்காவும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். கட்டணம் மாதம் பதினெட்டாயிரம், மூன்று மாதம் கட்டாயம், முதல் மாதப் பணம் முன்கூட்டியே. எத்தனை ஆயிரம் பீடி என்று அவள் விரல் மடியில் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது.

நோட்டில் ஐந்தாவது கேள்வி, டாக்டர் உண்டா. வாரம் ஒருமுறை வருவார். ராத்திரி உடம்புக்கு ஏதாவது என்றால்? "பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு." எவ்வளவு பக்கம்? அதற்குப் பதில் வரவில்லை. போன் பேசலாமா? முதல் இருபத்தொரு நாள் கிடையாது, வீட்டு ஞாபகம் வந்து கெட்டுப்போவார்கள். உள்ளே சுற்றிப் பார்க்கலாமா? "பேஷன்ட்டுங்க டிஸ்டர்ப் ஆவாங்க." மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைப் பார்க்கலாமா என்று நான் கேட்டபோது, புதுப்பிக்கக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். குரல் மாறவில்லை. பேனாவை மட்டும் எடுத்து மூடி போட்டு வைத்தார்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே கணக்கில் கொள்கிறது. ஆகவே இப்படிப்பட்ட மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது. விருப்பமில்லாதவரைச் சேர்ப்பதென்றால் அவருக்கோ மற்றவர்களுக்கோ தீங்கு நேரும் என்பது போன்ற காரணம் வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருவரும் தனித்தனியே பரிசோதித்து எழுத வேண்டும். அப்படியும் முதல் சேர்க்கை 30 நாளைத் தாண்டக் கூடாது. இரவு பதினோரு மணி, வண்டி, பசங்க என்கிற ஏற்பாடு இந்தச் சட்டத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பத்திரிகையில் படித்துத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் பெருக்கிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், மூன்று நாள் தாடி. அக்காவின் பேச்சைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தென்காசிப் பக்கமா?"

"கடையம் பக்கம்ணே."

"எனக்கு வாசுதேவநல்லூரு." உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சாரல் விழுந்துட்டா?"

"விழுந்துட்டுண்ணே. நாலு நாளா விழுது."

அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி பெருக்கத் தொடங்கினார். கேட்டை வெளிப்பக்கமாகப் பூட்டிய பையன் எங்களுக்கு வணக்கம் சொன்னான்.

ஆட்டோவில் வெகுநேரம் இருவரும் பேசவில்லை. எனக்கு ஏர்வாடி நினைவு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியலில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் எழுந்து ஓட முடியவில்லை. அவர்களையும் யாரோ ஒரு அக்காவும் தம்பியும் பஸ் ஏறி வந்து, விசாரித்து, நல்ல இடம் என்று நம்பித்தான் விட்டுப் போயிருப்பார்கள். அக்கா கேட்டாள், "அந்த அண்ணனை எப்ப விடுவாவ தம்பி?" நாங்கள் கேட்க மறந்த கேள்வி அது. மாட்டுத்தாவணி போவதற்குள் அவள் நோட்டில் பத்தாவதாக எழுதினாள்: உள்ளே இருக்கிறவர் போகணும்னு சொன்னா விடுவாங்களா?

அன்றிரவு மதுரையில் சென்னைக்குப் பொதிகை ரயிலைப் பிடித்தோம். செங்கோட்டையிலிருந்து வருகிற வண்டியாதலால் பெட்டி முழுக்க நம் ஊர்ப் பேச்சு. அக்காவுக்கு லோயர் பெர்த். திண்டுக்கல் தாண்டியும் அவள் படுக்கவில்லை. பீடி சுற்றாத கை சும்மா இருக்கத் தெரியாமல் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. திடீரென்று, சம்பந்தமே இல்லாதது போல, ஒன்றைச் சொன்னாள்.

"முந்தின வருசம் மாலை போட்டாவல்லா, ரெண்டாம் நாளு காலையில வெட்டு வந்துட்டு. நாக்கைக் கடிச்சிட்டாவ. சுத்தபத்தமா இல்லாமப் போட்டதால அய்யப்பன் காட்டிட்டாருன்னு குருசாமி சொன்னாவ. மறுநாள் ராத்திரி பூரா சுவத்துல என்னமோ ஊருதுன்னு தட்டிக்கிட்டே இருந்தாவ. அப்புறம் சரியாப்போச்சு."

"யார்கிட்டயும் காட்டலையா?"

"மாலை போட்டவியள எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக?"

அவள் அதைப் பழைய கதையாகச் சொன்னாள், நானும் அப்படியே கேட்டுக்கொண்டேன். மொத்தப் பயணத்திலும் மிகப் பெரிய செய்தி அதுதான் என்பது மறுநாள் பதினொரு மணிக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் ஏறினோம். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருக்கும் பெண் எனக்குத் தெரிந்தவர். வந்து பேசுங்கள் என்று சொல்லியிருந்தார். "எங்க கீழ்ப்பாக்கத்துக்கா கூட்டிட்டுப் போற?" என்று அக்கா முகம் சுளித்தாள். 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. இருநூறு வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தும் அதன் ஊர்ப் பெயர் தமிழில் ஒரு வசவாக மட்டுமே நிலைத்துவிட்டது. கீழ்ப்பாக்கம் இல்லை, வேறு இடம் என்றேன். "அவிய கிறுக்கு இல்ல, குடிக்காவ, அவ்வளவுதான்" என்று பல்லாவரம் வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

புறநோயாளிப் பிரிவு ஓய்ந்த பிறகு டாக்டர் எங்களை உட்காரவைத்தார். அக்கா நோட்டைத் திறந்தாள். முதல் கேள்வி, எந்த சென்டர் நல்ல சென்டர்?

"அது கடைசிக் கேள்விம்மா" என்றார் டாக்டர். "முதல்ல அவரைப் பத்திச் சொல்லுங்க."

எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது, காலையில் கை நடுங்குகிறதா என்று கேட்டார். கண் மஞ்சளாகிறதா, கால் வீங்குகிறதா, சர்க்கரை உண்டா. செத்துப்போகிறேன் என்று எப்போதாவது சொன்னாரா. விட வேண்டும் என்று அவர் வாயால் சொன்னதுண்டா. வேலைக்குப் போகிற இடத்தில் யார் யார் குடிக்கிறார்கள், கடை எவ்வளவு தூரம், திரும்பி வந்தால் வீட்டில் யார் இருப்பார்கள். எந்தக் கேள்விக்கும் பதில் ஒரு கட்டடத்தில் இல்லை என்பதைக் கவனித்தேன். முன்பு எப்போதாவது திடீரென நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று அவர் கேட்டதும், அக்கா ரயிலில் சொன்னதைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

பல வருஷம் தினமும் குடித்த உடம்பு, குடி நின்றதும் பிரேக் இல்லாத வண்டி மாதிரி ஆகிவிடுமாம். கடைசிக் குடிக்குப் பின் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்துச் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, காய்ச்சலும் வேர்வையுமாக உயிருக்கே வரலாம். ஒருமுறை வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறை வருகிற வாய்ப்பு கூடுதல். அய்யப்பன் காட்டியதும் சுவரில் ஊர்ந்ததும் இதுதான். இதற்கு மருந்து உண்டு. விலை உயர்ந்த மருந்தும் அல்ல. டயஸெபாம் வகை மாத்திரைகளை நடுக்கத்துக்கு ஏற்றபடி கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். ஈரல் கெட்டிருந்தால் அதற்கேற்ற மாத்திரையாக மாற்றுவார்கள். கூடவே வைட்டமின் பி1 ஊசி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு நாடி பார்க்க ஆள் இருக்கிற இடத்தில் மட்டுமே இதைச் செய்ய முடியும். மதுரை மையத்தில் வாரம் ஒருமுறை வருகிற டாக்டர் என்றைக்கு வருவார் என்று நாங்கள் கேட்டிருக்கவில்லை.

இராஜபாளையத்துச் சுவர் எண்ணையும் அக்கா காட்டினாள். டாக்டருக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, குடியை நிறுத்த அது உதவும் என்று 1940களில் டென்மார்க்கில் கண்டுபிடித்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். தெரிந்தே, கையெழுத்துப் போட்டுச் சாப்பிடுகிறவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் கலந்துகொடுத்தால் அவர் வழக்கம்போலக் குடிப்பார், விழுவார். "சாம்பார்ல என்ன கலக்குறாங்கன்னே தெரியாம என்னத்தைக் கொடுக்கிறது?" என்றார். அக்கா அந்த எண்ணைப் பேனாவால் அடித்தாள், தாள் கிழியும்வரை.

பிறகு டாக்டர் ஒரு தாளில் படிக்கட்டு வரைந்தார். கொத்தனார் வீட்டுக்காரி என்று தெரிந்து வரைந்தாரோ என்னவோ. அடியில் புறநோயாளிப் பிரிவு: வீட்டிலிருந்து வந்து மருந்தும் ஆலோசனையும் பெற்றுப் போவது. அதற்கு மேல் பகலில் மட்டும் அல்லது சாயங்காலம் மட்டும் சில மணி நேரம், வாரத்தில் பல நாள். அதற்கும் மேல் தங்கிச் சிகிச்சை பெறும் மையம். உச்சியில் மருத்துவமனைப் படுக்கை. அமெரிக்காவில் போதை மருத்துவச் சங்கத்தார் 1991இல் இதற்கென்று ஓர் அளவுகோலே வெளியிட்டார்கள். நோயாளியின் உடம்பு, மனம், வீடு எல்லாவற்றையும் பார்த்து எந்தப் படி என்று முடிவு செய்து, நிலைமை மாற மாற ஏற்றவோ இறக்கவோ செய்வார்கள். வாரத்துக்கு 9 மணி நேரம் என்றால் ஒரு படி, 20 மணி நேரம் என்றால் அடுத்த படி என்று கணக்கு.

"நம்ம ஊர்ல நடுவுல ரெண்டு படியைக் கட்டவே இல்லை" என்றார். "ஒண்ணு, மாசம் ஒருநாள் ஓபி சீட்டு. இல்லைன்னா, வேற ஜில்லாவுல பூட்டின வீடு."

எனக்கு அந்தத் தாள் பிடித்துப்போனது. அத்தான் அதைப் பார்த்திருந்தால் இந்தப் படியில் யாரும் ஏற முடியாது, காரையை இடித்துவிட்டு மறுபடி கட்டு என்றிருப்பார். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட, எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய கணக்கெடுப்பின்படி மதுவால் வந்த சிக்கலுக்கு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் 5.7 கோடிக்கும் மேல். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180இல் ஒருவர். மீதிப் பேர் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. மாலை போடுகிறார்கள், கயிறு கட்டுகிறார்கள், சுவரில் ஊர்வதைத் தட்டுகிறார்கள்.

அத்தானுக்கான வரிசை இப்படி அமைந்தது. முதலில் உச்சிப் படி: திருநெல்வேலி ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு, ஒரு வாரமோ பத்து நாளோ, செலவில்லாமல். உடம்பு தெளிந்த பிறகு, ஒரு மாதம் தங்கும் மையம். அதுவும் பதிவு பெற்றதா, டாக்டர் தினமும் வருகிறாரா, வீட்டாருக்கும் வகுப்பு உண்டா என்று பார்த்து. பிறகு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தென்காசி அரசு மருத்துவமனை ஓபி. 2025இல் தமிழ்நாட்டில் 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் எது என்று விசாரிக்கச் சொன்னார். 14446 என்ற இலவச எண்ணையும் எழுதிக் கொடுத்தார். நாங்கள் 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்து தெரிந்துகொண்டது, முதல் படுக்கை எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்பது.

எழும்போது அக்காவிடம் டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று கேள்வி: "இதெல்லாம் அவர்கிட்டக் கேட்டீங்களா?" அக்கா என்னைப் பார்த்தாள். காலேஜ் பார்க்கப் போவதாக அவரிடமும்தான் சொல்லியிருந்தோம். இரண்டாவது சொன்னபோது அக்காவின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

"படுக்கை கிடைக்கிற வரைக்கும் திடீர்னு நிறுத்திடாதீங்க. கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். நிறுத்துறதை ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் செய்யணும்."

"இதை நான் என் வாயால அவியகிட்டச் சொல்லணுமா?"

"நீங்கதாம்மா சொல்லணும்."

மத்தியானம் அடையாறு போனோம். இந்திரா நகரில் மரநிழல் விழும் தெருவில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. போதை நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை என்பது இங்கே நினைத்துப் பார்க்காத காலத்தில், 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய அமைப்பு அது. அவருடைய கணவர் முன்னாள் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன், இளம் வயதிலேயே குடிநோயில் இறந்துபோனார். சாந்தி அமெரிக்காவின் மினசோட்டாவில் ஹேசல்டன் என்ற மையத்துக்குப் போய்ப் பயின்று வந்தார். 1949இல் ஒரு பண்ணைவீட்டில் தொடங்கிய ஹேசல்டனில், குடியை விட்டவர்கள் மருத்துவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரு மாதச் சிகிச்சை நடத்தும் முறை வளர்ந்து, அங்கிருந்து உலகமெங்கும் பரவியது. நம் ஊர் மையங்கள் ஏதோ வேதம்போலச் சொல்லும் அந்த 'ஒரு மாசம்' இப்படி வந்த கணக்குத்தான். ஒரு மாதத்தில் குணமாகிவிடும் என்பதல்ல அதற்குப் பொருள்.

அக்காவைக் கவர்ந்தது வேறு விஷயம். குடிப்பவரைச் சேர்த்தால் வீட்டாரும் வகுப்புக்கு வர வேண்டும் என்பது. "நான் என்ன குடிக்கவா செய்யுதேன்?" என்று முதலில் சண்டைக்கு வந்தாள். பிறகு மெதுவாக, "போன மாசம் அவிய கடன நான்தான் அடைச்சேன். மேஸ்திரிகிட்டக் காய்ச்சல்னு பொய் சொன்னேன். அதெல்லாம் சொல்லிக் கேப்பாவளா அங்க?" என்றாள். கேட்பார்கள் என்றுதான் நினைக்கிறேன் என்றேன்.

இதே அமைப்பு 1989இல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டிருக்கிறது. ஊரிலேயே பத்திருபது பேரை ஒன்றாகத் தங்கவைத்து, மருத்துவரையும் ஆலோசகரையும் அங்கே வரவழைத்து, பதினைந்து நாள் சிகிச்சை. நகரத்துக்கு வந்து ஒரு மாதம் தங்கக் கூலிக்காரனுக்கு வழியில்லை, ஆகவே மருத்துவமனை ஊருக்குப் போனது. குடிப்பவனை ஊரிலிருந்து பிரித்தால்தான் திருந்துவான் என்று நாங்கள் மதுரையில் கேட்டுவிட்டு வந்ததற்கு இது நேர் எதிர். ஊரறியக் குடித்தவன் ஊரறிய விட்டுப்பார்க்கிறான். வெட்கம்கூட அங்கே மருந்தோடு சேர்ந்து வேலை செய்திருக்கும். "நம்ம ஊருக்கும் வருவாவளா?" என்று அக்கா கேட்டாள். இதை எழுதும்போதும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சாயங்காலம் ரயிலுக்கு நேரமிருந்தது. ஒரு சர்ச் வளாகத்தின் பின்பக்க அறையில் ஏஏ கூட்டம், வெளியாட்களும் உட்காரலாம் என்றார்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரும், குடியோடு போராடிய இருவராக உட்கார்ந்து பேசியதில் பிறந்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். மருந்து கிடையாது, கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. டாக்டரின் படிக்கட்டில் இது எந்தப் படியிலும் வராது. பக்கத்தில் பிடித்துக்கொள்ளும் கைப்பிடிச் சுவர் என்று சொல்லலாம். இருபது பேர் இருந்தார்கள். ஆட்டோ ஓட்டுபவர், வங்கியில் வேலை பார்ப்பவர், மூக்குத்தி போட்ட ஒரு பாட்டி. ஒவ்வொருவரும் எழுந்து பெயர் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றுதான் தொடங்கினார்கள். குடிகாரன் என்ற சொல்லை மட்டுமே கேட்டு வளர்ந்த அக்கா, அந்தச் சொல்லை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒருவர் தான் ஐந்து மையங்களில் இருந்ததாகச் சொன்னார். "எல்லா இடத்துலயும் நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. வெளியில வந்த அன்னிக்குச் சாயந்தரம் ஆறு மணிக்கு என்ன செய்யணும்னு மட்டும் எவனும் சொல்லித் தரல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, எழுதினாள். பதினாறாவது கேள்வி.

திரும்பும் வண்டியில் நன்றாகத் தூங்கினாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வாசுதேவநல்லூர்க்காரரின் ஊர் வழியாகத்தான் நாங்கள் பஸ்ஸில் போயிருந்தோம். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஊர் திரும்பியதும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனநல ஆணையத்துக்கும் அந்த மையம் பற்றி ஒரு மனு எழுதிப் போட்டேன். பதில் வரவில்லை என்பதை எழுதுவது இங்கே யாருக்கும் புதிதாக இருக்காது.

இராஜபாளையம் தாண்டியதும் ஜன்னலில் தூறல் அடிக்கத் தொடங்கியது. தென்காசி நிலையத்தில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். கிட்டே போனதும் வாசனை தெரிந்தது. இஸ்திரி போடக் கை நிற்க வேண்டுமே. பையை வாங்கிக்கொண்டார். மூவரும் டீக்கடைத் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினோம்.

"காலேஜ் பாத்தாச்சா?" என்று என்னிடம் கேட்டார். சிரிப்பில்லாமல் கேட்டார். மூத்தவள் சொல்லிவிட்டாள் என்று புரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள். டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். ஹைகிரவுண்டு, திங்கட்கிழமை, வெட்டு எதனால் வந்தது, அய்யப்பனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தூக்கிட்டுப் போக யாரும் வரமாட்டாவ, நீங்களா வந்தாத்தான். கடைசியாக, பதினைந்து வருஷம் சொன்ன சொல்லை ஒரே மூச்சில் திருப்பிப் போட்டாள்: "திங்கக்கிழமை வரைக்கும் நிறுத்திராதீய. எப்பவும் குடிக்கத மட்டும் குடிங்க. கூடவும் வேண்டாம்."

அத்தான் அவளை வெகுநேரம் பார்த்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. தகரத்தில் சாரல் சத்தம் கூடியது. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

"அங்க பீடி குடிக்க விடுவாவளா?"

அக்கா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். புடைவைத் தலைப்பால் நனையாமல் மறைத்துக்கொண்டு, பதினேழு என்று எண் போட்டாள்.